ஏழாம் எண் தொட்டி

மொட்டைமாடிக்கு இருபத்திரண்டு படி. ஏறி முடித்ததும் சாந்தாமணிக்கு முதலில் தோன்றியது, மறுபடி இறங்க வேண்டுமே என்பதுதான். வலது முட்டி பாதிப் படியிலேயே தன் புராணத்தை ஆரம்பித்திருந்தது. பச்சை வலைக்குக் கீழே பன்னிரண்டு ஆர்க்கிட் தொட்டிகளும் காலையில் விட்டுப்போனபடியே உட்கார்ந்திருந்தன, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி. மணி இரண்டு. நாலு மணிக்கு மகள் சிந்து வந்துவிடுவாள். காலையில் பொள்ளாச்சிக் கல்யாண வீட்டிலிருந்து போன் பண்ணினாள், பின்னால் நாதஸ்வரச் சத்தம். "சாப்பிட்டுக் கெளம்பி ஒரு எட்டு அங்க வந்துட்டுப் பெங்களூர் போறோம்மா. புது வீட்ல பால்கனி இருக்குது. அந்த ஒரு செடிய மட்டும் எடுத்துக்கறேன். எடுத்து வெச்சிரு." சரி கண்ணு என்று சொல்லியாகிவிட்டது. சரி என்று சொல்ல வாய் எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது. அந்த ஒரு செடி எது என்று சிந்து சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமே இல்லாத செடி அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சிந்துவின் குழந்தை வயிற்றிலேயே ஆறாம் மாசத்தில் தவறிப்போனபோது, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சிநேகிதி யாரோ கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன செடி. வெள்ளைப் பூ, தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். அது இந்தப் பன்னிரண்டில் எது என்று சாந்தாமணிக்குத் தெரியாது. காலையிலிருந்து மூன்றாவது முறையாக ஏறி வந்து பார்க்கிறாள், இன்னும் தெரியவில்லை. மூன்று முறை ஏறினால் செடிக்கு இரக்கம் வந்து வாய் திறந்துவிடப் போகிறதா என்ன.

பன்னிரண்டில் மூன்றைத் தள்ளிவிடலாம். கம்பியில் தொங்குகிற வாண்டா ஆர்க்கிட்டை யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. அதன் தொங்குவேரைக் குறுக்கே சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்து முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள் அவள். பெண்கள் கல்லூரித் தாவரவியல் லேபில் உதவியாளர். மாட்டு நாக்கு மாதிரி அகல இலை வைத்த இரண்டையும் தள்ளிவிடலாம். மிச்சம் ஒன்பது, எல்லாமே சின்னக் கரும்பு மாதிரித் தண்டும் மாற்றி மாற்றி இலையுமாக நிற்கிற டென்ட்ரோபியம் ஜாதி. பூ இருந்தால் ஆளுக்கொரு முகம், பூ இல்லையென்றால் ஒன்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவை. லேபில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே செடிகள் பார்மலினில் செத்து, பாட்டிலுக்குள் கைகால் அசைக்காமல் நின்றன, போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் இருந்தது. செத்த செடியோடுதான் அவளுக்குப் பழக்கம். உயிருள்ளது தண்டு விடுகிறது, இலை உதிர்க்கிறது, ஒரு வருஷத்தில் ஆள் மாறிவிடுகிறது. அப்புறம் அந்த எண் விவகாரம். சிந்து, குழந்தை போன பிறகு ஒரு வருஷம் இங்கேயே இருந்தாள், அந்த ஒரு செடியில் ஆரம்பித்து மாசம் ஒன்றாக வாங்கிச் சேர்த்தாள், ஒவ்வொரு தொட்டியிலும் ஐஸ் குச்சி குத்தி அதில் செடியின் பேரை எழுதி வைத்தாள். மாப்பிள்ளைக்கு வேலை மாறிப் பெங்களூர் போனபோது பன்னிரண்டையும் அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனாள். போன மறுவாரமே சாந்தாமணி குச்சிகளை எல்லாம் பிடுங்கினாள். வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை மார்க்கர் பேனாவால் எழுதித் தொட்டிக்கு ஒன்றாக ஒட்டினாள். ஒரு நோட்டில் எண்ணும் பேரும் எழுதிக்கொண்டாள். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அதுதானே அவள் வேலை, பாட்டில்களில் பேர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு எண் ஒட்டுவது. பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று, எச்சில் விழுங்கி, இது என்ன என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். விடைத்தாள் அவளிடம் இருக்கும். இப்போதும் இருக்கிறது. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஏறி வந்தாள். ஏழாம் எண்ணுக்கு எதிரே மட்டும் பேர் இல்லை, ஒரு கோடு. ஏழுதான் அந்தச் செடி, சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தொட்டியிலும் இப்போது ஏழு இல்லை. லேபில் இருபது வருஷம் மங்காத மார்க்கர் மை மாடி வெயிலில் இரண்டு சித்திரைகூடத் தாங்கவில்லை. பன்னிரண்டு தொட்டியிலும் பன்னிரண்டு வெள்ளைப் பிளாஸ்திரி, காயத்துக்கு ஒட்டியது போல.

தண்டைப் பார் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். பச்சைத் தண்டு வெள்ளைப் பூவுக்கு, கருஞ்சிவப்பு ஓடின தண்டு நிறப் பூவுக்கு, பெரும்பாலும் அப்படி இருக்கும் என்றார். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை முதலில் பிடிக்க வேண்டும். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றில் சிவப்பு தெரிந்தது, அவை வேண்டாம். ஆறு. வேர் நுனியும் பச்சையாக இருப்பவை நாலு. நாலு வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், ஆஹா நெருங்கிவிட்டோம் என்று. உடனே அடுத்த நினைப்பு வந்து கெடுத்தது. அந்த மூன்றும் வலையின் ஓரத்தில் இருப்பவை, வெயில் பட்டுச் சிவந்திருக்கலாம், நடுவில் இருந்தால் அவையும் பச்சையாகத்தானே நின்றிருக்கும். ஆக மறுபடி ஒன்பது. போனில் இருந்த செடி கண்டுபிடிக்கிற ஆப்பைத் திறந்து ஒன்றைப் படம் எடுத்தாள், இஞ்சி என்றது. அதே செடியை வேறு பக்கம் எடுத்தாள், மூங்கில் என்றது. போதும் சாமி. பூத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. இரண்டு வருஷமாக அது ஏன் பூக்கவில்லை என்பதும் போன மாசம்தான் தெரிந்தது, அதுவும் அதே யூடியூப்காரர் சொல்லித்தான். பனிக்காலத்தில் இந்தத் தண்டுச்செடிகள் சிலதைப் பட்டினி போட வேண்டுமாம். இலை கொட்டிக் குச்சியாக நிற்கும், செத்துவிட்டது என்று பயப்படக் கூடாது, தண்ணீரை நிறுத்த வேண்டும், அப்போதுதான் கணுவில் மொட்டு வரும். பயந்து ஊற்றினால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அவள் பயந்தாள். இரண்டு மார்கழியும் தினம் இரண்டு வேளை ஊற்றினாள். உச்சிக் கணுக்களில் குட்டிகள் வேர் விட்டுக்கொண்டு தொங்குகின்றன, பூவைக் காணோம். செத்துவிடக் கூடாதே என்று ஊற்றினாள், ஊற்றியதால் பூக்கவில்லை, பூக்காததால் எது என்று தெரியவில்லை, எது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். செக்குமாடு கூட இடையில் ஒரு வாய் புல் தின்னும். கீழேயிருந்து கணவர் சென்னியப்பனின் குரல் வந்தது. "ஏ சாந்தா, டீ கீது வெக்கறியா?" வருகிறவர்களுக்கு வைக்கிறபோது சேர்த்து வைக்கிறேன் என்று கத்தினாள். "அப்ப நாலு மணிதானா," என்றார் அவர், ஏதோ வழக்கில் தோற்றவர் போல. அவருக்கு இந்தச் செடி விஷயம் எதுவும் தெரியாது. ஏதாவது ஒன்றைத் தூக்கிக் குடு, அதுக்கென்ன தெரியப்போவுது என்பார். ஒருவேளை அதுதான் சரியோ. ஒன்பதில் ஒன்றைத் துடைத்து, இலைக்கு எண்ணெய் தொட்டு, பையில் போட்டுக் கொடுத்துவிட்டால் சிந்து மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். பெங்களூர்க் குளிருக்கு அடுத்த தையில் பூக்கும். ஊதாவாகப் பூக்கும். போன் வரும். அந்த போனை அவள்தான் எடுத்துக் காதில் வைக்க வேண்டும்.

ஊதாப் பூவைக்கூடச் சமாளித்துவிடலாம், எண் அழிந்துபோச்சு கண்ணு, பழக்கதோஷம், எண் ஒட்டியே பழகின கை என்று சொல்லிவிடலாம். பழக்கம்தானே. பழக்கம்தான். முப்பத்தொரு வருஷப் பழக்கம் லேசில் போகுமா. ஆனால் சும்மா இருக்கிற தொட்டிக்கு எண் எதற்கு, இங்கே யார் வந்து தேர்வு எழுதப் போகிறார்கள், குச்சியில் பேர் நன்றாகத்தானே இருந்தது என்று யாராவது கேட்டால். யாரும் கேட்கவில்லை, அவளேதான் கேட்டுக்கொள்கிறாள், படியேறும்போதெல்லாம் ஒரு தடவை. பதினோரு குச்சியில் செடியின் பேர். பன்னிரண்டாவதில் ஆதிரை என்று எழுதியிருந்தாள் சிந்து. அந்தக் குச்சியை முதல் நாள் பார்த்தபோது இரண்டு முறை படித்தாள். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பார்களா. ஊரில் யார் வீட்டிலாவது உண்டா. மாடிக்குத் துணி காயப்போட வருகிற கீழ்வீட்டுக்காரி கேட்டாள், இதென்னக்கா, ஆதிரைன்னு ஒரு பூவா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நின்றாள், பிரசவ அறைக்கு வெளியே குழாயடியில். நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கேட்டாள், அம்மா, பெண் குழந்தை, உங்க பொண்ணு பார்க்கணும்கிறாங்க, காட்டட்டுமா என்று. வேண்டாம் என்று சொன்னது இவள்தான். பார்த்தால் மறக்க மாட்டாள், பார்க்காவிட்டால் ஆறு மாசத்தில் ஆறிவிடும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பெரியவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சென்னியப்பனும் ஆம்புலன்ஸ் டிரைவரும் போய் எங்கோ புதைத்துவிட்டு வந்தார்கள், சடங்கு கிடையாது, பேர் கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது. உள்ளே சிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்கவில்லை. அப்புறம் இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். சாந்தாமணி பிடுங்க நினைத்தது ஒரே ஒரு குச்சியைத்தான். அதை மட்டும் பிடுங்கினால் தெரிந்துவிடுமே என்று பன்னிரண்டையும் பிடுங்கினாள். நோட்டில் எழுதும்போது ஏழுக்கு எதிரே பேனா நின்றது, அந்தப் பேரை எழுத வரவில்லை, கோடு போட்டாள். போதுமா. இப்போது தெரிந்ததா எதற்கு எண் என்று. இதை இவ்வளவு நேராக அவள் இதுவரை தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. வலைக்கு வெளியே வெயில் சிமென்ட் தரையில் சுரீரென்று அடித்தது.

சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. போன சித்திரையில் ஒரு செடி செத்துப்போனது. மே மாத வெயிலுக்கு ஊட்டியில் நாத்தனார் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தார்கள், வந்து பார்த்தால் ஓரத்துத் தொட்டியில் தண்டு வெந்த கீரைத்தண்டு மாதிரி கொழகொழவென்று சாய்ந்து கிடந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நெட்டுக்கோடு மாதிரி ஏதோ இருந்தது, ஒன்றாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம், பதினொன்றின் பாதியாக இருக்கலாம். ஒன்பதில் ஒன்று, அது அந்த ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று என்ன சட்டம். அது அதுவாக இருக்காது. அதுவாக இருந்தால். மறுநாள் காலை மணியடித்துக்கொண்டு குப்பை வண்டி வந்தது. பச்சை டப்பாவா நீல டப்பாவா என்று வண்டியில் வந்த பெண் கேட்டாள். மக்குற குப்பை என்று சொல்லி இவளே கொட்டினாள். அன்றைக்குச் சாயங்காலமே சென்னியப்பனுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நர்சரிக்குப் போய் அதே உயரத்தில் ஒரு தண்டுச்செடி வாங்கி வந்து, பழைய மண்தொட்டியிலேயே கரித்துண்டு போட்டு நட்டு, வெற்றுப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினாள். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று. பன்னிரண்டு இருந்தது, பன்னிரண்டு இருக்கிறது. இந்த ஒன்பதில் அவள் நிச்சயமாக அடையாளம் சொல்லக்கூடியது அது ஒன்றுதான், வலது கோடியில் இருப்பது, எல்லாவற்றிலும் செழிப்பாக நிற்பது. மற்ற எட்டும் சோகை பிடித்தவை போல நிற்க இது மட்டும் மினுமினுப்பாக, நாலு தண்டோடு, அதில் ஒரு கணுவில் மொட்டு வருகிற மாதிரி ஒரு முடிச்சு வேறு. நேற்று வந்தவளுக்கு வந்த வாழ்வு. ஏனோ அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. தரையோடு ஓடுகிற தண்ணீர்க் குழாயின் மேல் உட்கார்ந்தாள். அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. செடி வளர்க்கிற அலுப்பில்லை இது, மூன்று வருஷம் ஒரு விஷயத்தை மூடி மூடி வைத்த அலுப்பு. இப்படியே உட்கார்ந்திருந்தால் நாலு மணி வராமலா போய்விடும்.

நாலுக்கு முன்பே வந்துவிட்டார்கள். கேட் திறக்கிற சத்தம், வாங்க மாப்ள என்று சென்னியப்பனின் குரல், அப்புறம் படியில் செருப்புச் சத்தம். பெங்களூர் போன இரண்டு வருஷத்தில் ஏழெட்டு முறை வந்திருக்கிறாள், ஒரு முறைகூட மாடிக்கு ஏறியதில்லை. இன்றைக்கு ஏறுகிறாள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் வாடின மல்லிகையும் கையில் கார் சாவியுமாகச் சிந்து வந்து வலைக்குள் குனிந்து நுழைந்தாள். நுழைந்ததும் தொட்டிகளை வரிசையாகப் பார்த்தாள்.

"இவ்ளோ நல்லா வெச்சிருக்கியேம்மா," என்றாள். "நான் பாதி போயிருக்கும்னு நெனச்சேன். குச்சியெல்லாம் எங்க?"

சாந்தாமணி குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிந்து அதற்குள் வலது கோடிக்குப் போய்விட்டாள். செழிப்பாக நின்ற அந்தத் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கணுவில் இருந்த முடிச்சை விரலால் தொட்டாள்.

"இதுதானம்மா. மொட்டு வருது பாரு. எனக்கு இதைப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு."

முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாண வீட்டுப் பவுடரும் வேர்வையுமாக, அந்த முகத்தை இவ்வளவு சந்தோஷமாக எத்தனை நாளாகப் பார்க்கவில்லை. ஆமா கண்ணு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளே எடுத்தாள், நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை, அவளாக எடுத்தாள். மொட்டு வெள்ளையாகவே வந்தாலும் வரலாம். ஆமா கண்ணு, அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. நர்ஸிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். ஒரு வார்த்தைக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்றால் இரண்டு வார்த்தைக்கு எத்தனை வருஷம். வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அது இல்ல சாமி."

"என்னம்மா?"

"அது நான் நர்சரில வாங்குனது. போன வருஷம் ஒண்ணு செத்துப்போச்சு, அதுக்குப் பதிலா வெச்சேன். செத்தது எதுன்னு எனக்குத் தெரியாது. இருக்கறதுல எது உன்றதுன்னும் தெரியாது. குச்சியெல்லாம் நாந்தான் புடுங்குனேன்."

"ஏன்?"

பழக்கதோஷம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"அந்தப் பேரப் பார்க்க முடியல. வேணும்னேதான் புடுங்குனேன். ஆஸ்பத்திரில காட்ட வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். டாக்டர் சொன்னாங்கன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

சிந்து தொட்டியை இறக்கி வைக்கவில்லை. கீழே ஹாலில் மாப்பிள்ளையும் மாமனாரும் ஏதோ ரோடு வேலையைப் பற்றிப் பேசுவது கேட்டது. அழுவாள் என்று நினைத்தாள், கத்துவாள் என்று நினைத்தாள். சிந்து அப்படியே பட்டுப்புடவையோடு தூசித் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "நர்ஸ் சொல்லிட்டாங்க, அன்னைக்கே. நீயா சொல்லுவீன்னு ஒரு வருஷம் இங்கயே இருந்தேன்."

சாந்தாமணிக்குக் காதுக்குள் ஙொய் என்றது. ஒரு வருஷம். தினம் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஏன் இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க என்று கேட்ட வருஷம். 

சிந்து மடியில் இருந்த தொட்டியிலிருந்து பிளாஸ்திரியைப் பிய்த்தாள். கார் சாவியின் முனையால் மண்தொட்டியின் வயிற்றில் கீற ஆரம்பித்தாள். கரகரவென்று செம்மண் தூள் புடவையில் உதிர்ந்தது. ஆதிரை. தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை இழுத்தாள்.

"அது வாங்குனதுன்னு சொன்னேனே கண்ணு."

"இருக்கட்டும். ஒம்பதையும் கொண்டு போறேன். எது பூத்தாலும் பூக்கட்டும்."

இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் சாவி வழுக்கி விரலைக் கீறியது, உறிஞ்சிவிட்டு எழுதினாள். ஐந்தாவதை எழுதி முடித்தபோது தொட்டியின் மேல் ஒரு சொட்டு விழுந்து ஊறியது, சத்தமில்லாமல் அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைக்காமல் சாவியை அம்மாவிடம் நீட்டினாள்.

"மீதிய நீ எழுதும்மா."

சாந்தாமணி சாவியை வாங்கினாள். பிள்ளையின் கைச்சூடு அதில் இருந்தது. மகளுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறாவது தொட்டியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, பேத்தியின் பேரை எழுத ஆரம்பித்தாள்.